அனிமேஷன் படம்: கதை முதலா, கான்செப்ட் முதலா? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் அனிமேஷன் பழகும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பவர்கள், ஊரில் இருந்தபடியே ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள், பிளெண்டர் என்ற த்ரீடி மென்பொருளை யூட்யூப் பார்த்துத் தானாகவே கற்றவர்கள் என்று பல வகை. சொந்தமாகப் படம் செய்யலாம் என்று உட்கார்ந்ததும் இவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: கதையில் தொடங்குவதா, கான்செப்டில் தொடங்குவதா? அதன் கிளைகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

கதை எது, கான்செப்ட் எது? இரண்டும் ஒன்றுதானே சார்?

இல்லை. 'ஒரு சிறுமியின் மூளைக்குள் அவளுடைய உணர்ச்சிகளே ஆட்களாக உட்கார்ந்து வேலை பார்க்கின்றன' என்பது கான்செப்ட். 'ஊர் மாறிப்போன சிறுமி, தான் வருத்தமாக இருப்பதை வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கிறாள்' என்பது கதை. இரண்டும் ஒரே படம், 2015-இல் வந்த 'இன்சைட் அவுட்'. முதலாவதைக் கேட்டால் "அட, நல்லா இருக்கே" என்போம். இரண்டாவதைக் கேட்டால் "அப்புறம் என்ன ஆச்சு?" என்போம். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் வீட்டில் யாரிடமாவது சொல்லி, இரண்டில் எந்தப் பதில் வருகிறது என்று பாருங்கள்.

சரி, எதில் தொடங்கினால் நல்லது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் அனிமேட்டர் முதல் ஷாட்டில் கை வைக்கும் நாளுக்குள் இரண்டும் கையில் இருக்க வேண்டும். பாட்டுக்கு மெட்டா, மெட்டுக்குப் பாட்டா என்று சினிமாவில் ஒரு பழைய விவாதம் உண்டு. நம் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் இரண்டு விதமாகவும் எழுதியவர். கேட்கிறவருக்கு எது முதலில் வந்தது என்று தெரியவா போகிறது?

இதைச் சொன்னால் நழுவுகிறேன் என்கிறார்கள். அதனால் என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடத்துக்குள் முடியும் படமென்றால் கான்செப்ட். அதற்கு மேல் போனால் கதை. காரணம் கீழே வரும்.

சாதாரணப் படத்துக்கும் இதே கேள்வி உண்டே. அனிமேஷனுக்கு மட்டும் என்ன தனி?

எடிட்டிங் எப்போது நடக்கிறது என்பதுதான் தனி.

கேமராவில் எடுக்கும் படத்தில் ஒரு காட்சியை நாலு கோணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கதை எங்கே இடிக்கிறது என்று எடிட்டிங் மேசையில் தெரிந்தால் வெட்டலாம், இடம் மாற்றலாம், டப்பிங்கில் ஒரு வசனம் சேர்த்துச் சமாளிக்கலாம். தமிழ் சினிமாவில் எத்தனையோ படங்கள் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன.

அனிமேஷனில் அந்த வசதி கிடையாது. வினாடிக்கு 24 பிரேம். ஐந்து நிமிடப் படத்துக்கு 7,200 பிரேம். இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று கையால் வரைந்தாலே 3,600 படங்கள், அதுவும் ஓர் உருவத்துக்கு மட்டும். இதில் ஒரு காட்சியை 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாக யாரும் செய்ய மாட்டார்கள். அதனால் வெட்டு, ஒட்டு எல்லாம் முன்கூட்டியே நடக்கிறது. காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டு படங்களை வரிசையாக அடுக்கி, தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்து ஓடவிடுவார்கள். அதற்குப் பெயர் அனிமேட்டிக். படம் செத்துப் பிழைப்பது அந்தக் கட்டத்தில்தான்.

கான்செப்டை மட்டும் வைத்துக்கொண்டு 'கதை போகப் போக வந்துவிடும்' என்று கிளம்பினால் எங்கே அடி விழுகிறது என்று இப்போது தெரிகிறதா? கதை வந்து சேரும் நேரத்தில் பாதிப் படம் ரெண்டர் ஆகியிருக்கும், அதாவது கம்ப்யூட்டர் இறுதிப் பிரேம்களை உருவாக்கி முடித்திருக்கும். அதைத் தூக்கிப் போட மனசு வராது. மனசு வராததால் கதை அந்த ரெண்டருக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும்.

பெரிய ஸ்டூடியோக்களில் கதைதான் ராஜா என்கிறார்களே?

சொல்வார்கள். ஆனால் அவர்கள் தொடங்கிய இடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கான்செப்ட்தான் இருக்கும். கதையைப் பிறகு, படாத பாடு பட்டுத் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலுக்குச் செலவழிக்க அவர்களிடம் வருடங்களும் பணமும் இருந்தன. நம்மிடம் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

'டாய் ஸ்டோரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பொம்மைகளுக்கு உயிர் இருக்கிறது, மனிதர்கள் பார்க்காதபோது நடமாடுகின்றன' என்பது எவ்வளவு தெளிவான கான்செப்ட்! ஆனால் 1993 நவம்பரில் பிக்ஸார் ஆட்கள் டிஸ்னிக்குப் போட்டுக் காட்டிய ரீல் படுமோசமாக இருந்தது. கதாநாயகன் வுடி மற்றவர்களைக் கேலி செய்யும் சிடுமூஞ்சியாக இருந்தான். யாருக்கும் பிடிக்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டுக் கதையைத் திருத்தி எழுதினார்கள். கான்செப்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது வுடியின் மனசு: அவன் கெட்டவன் இல்லை, தன் இடம் பறிபோகிறதே என்று பயப்படுகிறவன். 1995-இல் வந்த படம் அது.

'இன்சைட் அவுட்'டிலும் முதலில் மகிழ்ச்சி என்ற பாத்திரத்தோடு தொலைந்துபோவது பயம் என்ற பாத்திரமாக இருந்தது. பல காலம் வேலை பார்த்த பிறகுதான், அந்த இடத்தில் வருத்தம் இருக்க வேண்டும் என்று இயக்குநர் பீட் டாக்டர் முடிவு செய்தார். படம் அங்கேதான் படமானது. 'ஸூட்டோபியா'வில் முதலில் கதாநாயகனே நரிதான். மாமிசம் தின்னும் விலங்குகளின் கழுத்தில் ஷாக் அடிக்கும் பட்டை மாட்டிய ஊராக அதை யோசித்து வைத்திருந்தார்கள். பார்த்தவர்களுக்கு அந்த ஊர்மேல் வெறுப்புதான் வந்தது. 2014 நவம்பரில், படம் வெளிவர ஒன்றரை வருடம்கூட இல்லாதபோது, முயலை முதன்மைப் பாத்திரமாக்கினார்கள்.

மூன்றிலும் கான்செப்ட் தப்பித்துக்கொண்டது. அதற்குள் யார் நிற்கிறார்கள், அவர்கள் மனசு என்ன என்பதுதான் மாறியது. 'கதை ராஜா' என்பதைவிட, 'யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் கான்செப்ட் நகராது' என்று சொன்னால் சரியாக இருக்கும். சுவரில் மாட்டத்தான் கொஞ்சம் நீளம்.

தொழில்நுட்பத்திலிருந்து கதை பிறக்கலாமா?

பிறக்கலாம், பிறந்திருக்கிறது. ஆரம்பக் காலக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸுக்குப் பிளாஸ்டிக் நன்றாக வந்தது. தோல், முடி, துணி வரவில்லை. பிக்ஸாரின் 1988 குறும்படம் 'டின் டாய்' ஆஸ்கர் வாங்கியது. அதில் வரும் தகரப் பொம்மை இன்றைக்கும் அழகு. அதில் வரும் குழந்தையின் முகத்தை ராத்திரியில் பார்க்காதீர்கள். பொம்மைகளை வைத்து முழுநீளப் படம் என்று அவர்கள் போனதில் இந்தக் கணக்கும் இருந்தது. எது கைக்கு வருமோ அதைக் கான்செப்டாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கைக்கு வராததை மையத்தில் வைப்பதுதான் ஆபத்து. 2014-இல் 'கோச்சடையான்' வந்தபோது நடிகரின் அசைவைப் பதிவு செய்து உருவத்துக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது. படத்தில் கதை இல்லாமல் இல்லை. அரசர், பழி, சபதம் எல்லாம் உண்டு. ஆனால் ரஜினி முகத்தை நமக்கு மனப்பாடமாகத் தெரியும். திரையில் அது கொஞ்சம் பிசகினாலும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, கதைக்குள் போவதில்லை. என் பார்வையில், தெரியாத முகத்தோடு அதே கதையைச் செய்திருந்தால் பாதிக் குறை தெரிந்தே இருக்காது.

நம் ஊருக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. செட்டிநாட்டு வீட்டை த்ரீடியில் செய்யப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் ஊற்றி வார்ப்பதால் முகம் பளபளக்கும். சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு, அதுவும் மின்னும். மெருகேற்றிய பர்மாத் தேக்குத் தூண், ஆளுயரக் கண்ணாடி, இதற்கு நடுவில் வளவின் திறந்த முற்றத்திலிருந்து விழும் வெயில். ஒன்றின் நிழல் இன்னொன்றில் தெரியும். லேப்டாப்பில் ஒரு பிரேம் ரெண்டர் ஆவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். வீட்டை அப்படியே அச்சாகக் காட்டுவதுதான் உங்கள் கான்செப்ட் என்றால், இந்தச் செலவை முதலிலேயே எண்ணிப் பாருங்கள். டூடியில் தட்டையான வண்ணத்தில் வரைந்தால் அதே வீடு இன்னும் அழகாக வரலாம்.

எங்கள் வீட்டை வைத்தே ஒரு படம் செய்ய ஆசை. வீடு கதையா, கான்செப்டா?

இரண்டும் இல்லை, இடம். இங்கிருந்து வரும் ஐடியாக்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கேமரா போய்க்கொண்டே இருக்கும். கூடவே வீணை. சுற்றுலாத் துறை விளம்பரத்துக்குச் சரி, படத்துக்குப் போதாது.

இடத்திலிருந்து எப்படி நகர்வது என்று இரண்டு வழியில் காட்டுகிறேன். இரண்டும் இந்தப் பதிலுக்காக யோசித்தவை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கான்செப்ட் வழி. பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூக்கள் ராத்திரியில் கல்லுக்குக் கல் தாவி இடம் மாறுகின்றன. விடிவதற்குள் தம் இடத்துக்கு வந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், இரண்டாவது நிமிடத்தில் கொட்டாவி வரும். இப்போது ஓர் ஆளைக் கொண்டுவருவோம். வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மா. பங்காளிகள் எல்லாரும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வரப்போகிறார்கள். அதற்கு முதல் வாரம் அவர் கையிலிருந்து பித்தளை அண்டா விழுந்து ஒரு கல் உடைகிறது. ஆத்தங்குடிக்கே போய் அதே டிசைனில் புதுக் கல் வாங்கிப் பதிக்கிறார். சாயத்தில் ஒரு இழை வித்தியாசம். அந்தக் கல்லைத் தாண்டப் பூக்களுக்குப் பயம். ராத்திரியில் பாதிப் பூக்கள் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்கின்றன, விடிந்தும் திரும்பவில்லை. தரை பாதி வெறுமையாகக் கிடக்கிறது. கார் வரும் சத்தம் கேட்கிறது.

என்ன மாறியது? கான்செப்ட் அதேதான். அதற்கு ஒரு விதி வந்தது, அந்த விதி ஓர் ஆளின் கழுத்தைப் பிடிக்கிறது, கெடு ஒன்றும் இருக்கிறது. இனி 'அப்புறம்?' என்று கேட்பார்கள்.

இப்போது கதை வழி. அந்தக் காலத்தில் நகரத்தார் (செட்டியார்) வீட்டுப் பையன்கள் சின்ன வயதிலேயே கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போவார்கள். கடையில் எடுபிடியாக நிற்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவியாளரான அடுத்தாளாகி, பொறுப்பாளரான மேலாளாவது வழக்கம். அப்படி ஒரு பையன் ரங்கூனுக்குக் கப்பலேறுகிறான். தாய் ஊரில் இருக்கிறாள். கடிதம் வருகிறது, பணம் வருகிறது, வீடு வளர்கிறது. 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடிக்கிறது. கடிதம் நின்றுபோகிறது.

கதை வலுவானது, சந்தேகமில்லை. ஆனால் இதை ஏன் அனிமேஷனில் செய்ய வேண்டும்? பழைய காலத்துச் செட் போட்டு, நல்ல நடிகர்களை வைத்துக் கேமராவிலேயே எடுத்துவிடலாமே. இந்த இடத்தில் கான்செப்ட் கேட்கிறது. தாய் ரங்கூனைப் பார்த்ததே இல்லை. அதனால் படமும் உண்மையான ரங்கூனை ஒரு தடவைகூடக் காட்டாது. கடிதத்தைப் படித்துக் கேட்டு அவள் மனதில் கட்டிக்கொண்ட ரங்கூன் மட்டும்தான் வரும். ரங்கூன் ஆறு அவளுக்கு ஊருணி மாதிரி, நாலு பக்கமும் படிக்கட்டோடு இருக்கும். புத்தக் கோபுரம் கவிழ்த்து வைத்த ஓலைக் கொட்டானாகத் தெரியும். மகன் உட்காரும் தொழில் கூடமான கிட்டங்கி, அவள் வீட்டு முகப்பின் இன்னொரு நகலாக இருக்கும். கடிதம் வர வர அந்த ஊரில் தெருக்கள் சேரும். 1942-க்குப் பிறகு புதுத் தெரு எதுவும் வராது. இருக்கிற தெருக்களில் அவள் அவனைத் தேடிக்கொண்டே இருப்பாள். இதைக் கேமராவில் எடுக்க முடியாது. இப்போதுதான் இது அனிமேஷன் படம்.

இரண்டு வழிகளில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. நீளமும் அதற்குத்தான் தாங்கும்.

ஸ்டோரிபோர்டு இல்லாமல் நேரடியாகச் செய்தவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். லாத்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் செய்த 'ஃப்ளோ' 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. முழுக்க பிளெண்டரில் செய்த படம், வசனமே கிடையாது. அவர் ஸ்டோரிபோர்டு வரைவதில்லை. த்ரீடி உலகத்தைக் கரடுமுரடாகக் கட்டி, அதற்குள் கேமராவை நகர்த்திக் காட்சிகளைக் கண்டுபிடிக்கிறார். அதைக் கேட்டதும் இங்கே பல பேருக்குச் சந்தோஷம், 'போர்டு வேண்டாம்' என்று.

அவசரப்படாதீர்கள். போர்டு இல்லையே தவிர, அவரிடம் அனிமேட்டிக் உண்டு. அதோடு, தண்ணீரைக் கண்டு பயப்படும் பூனை என்ற விஷயத்தை அவர் மாணவராக இருந்தபோதே 2012-இல் குறும்படமாகச் செய்துவிட்டார். முழுநீளப் படத்துக்கு அதுமட்டும் போதவில்லை. தனியாகத் திரிந்த பூனை மற்ற பிராணிகளோடு ஒரே படகில் பிழைக்கப் பழக வேண்டும் என்று கதை சேர்ந்தது. அதற்கு முன் ஒரு முழுநீளப் படத்தைத் தனி ஆளாகவே செய்து முடித்த அனுபவமும் இருந்தது.

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியும் ஸ்டோரிபோர்டு முடிவதற்கு முன்பே அனிமேஷனைத் தொடங்கிவிடுவார், முடிவு என்னவென்று அவருக்கே தெரியாது என்பார்கள். உண்மைதான். அரை நூற்றாண்டு வரைந்த கை அது.

எல்லாருக்கும் தெரிந்த புராணக் கதையை எடுத்தால் கதைக் கவலை விட்டது, இல்லையா?

கதைக் கவலை விட்டது, கான்செப்ட் கவலை தொடங்கியது. நம் பக்கம் திருவிழாவில் ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் நாடகம் போடுகிறார்கள். கடைசியில் கல்யாணம் ஆகும் என்று முன்வரிசையில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. எதற்கு? வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்வதைக் கேட்க. இன்றைக்கு யார் வள்ளி, என்ன கேள்வி கேட்பார், எதிராளி எப்படி மடக்குவார் என்பதுதான் ஈர்ப்பு. தெரிந்த கதையில் 'எப்படி' என்பதே எல்லாம்.

2025-இல் 'மகாவதார் நரசிம்மா'வுக்குக் கூட்டம் வந்ததும் அப்படித்தான். பிரகலாதன் கதை தெரியாமல் யாரும் போகவில்லை. தூண் எப்படிப் பிளக்கும் என்று பார்க்கப் போனார்கள்.

மூன்று நிமிடப் படத்துக்கும் இவ்வளவு யோசிக்கணுமா?

வேண்டாம். ஒரு கான்செப்ட், ஒரு திருப்பம், முடிந்தது. பாத்திரம் மாறுவதற்கெல்லாம் மூன்று நிமிடத்தில் நேரமில்லை.

தயாரிப்பாளரிடம் எதைச் சொல்வது?

ஒரே வரியில் படத்தைச் சொல்லும் ஒன்லைன் கேட்பார்கள், கான்செப்டைச் சொல்லுங்கள். பிடித்துப்போய் 'முழுசா சொல்லு தம்பி' என்று நாற்காலியை இழுத்துப் போட்டால் அங்கே கதை வேண்டும். கதை தயாராகாமல் ஒன்லைனோடு மட்டும் போகாதீர்கள். நன்றாக இருக்கும் ஒன்லைன் கைமாற நாளாகாது.

அப்பத்தா சொன்ன குடும்பக் கதையை அப்படியே எடுக்கலாமா?

எடுக்கும் முன் கேளுங்கள், அப்பத்தாவிடம் மட்டுமல்ல, பங்காளிகளிடமும். பர்மாவில் போன சொத்து, பிரிந்த பங்கு, பிள்ளைகூட்டிக்கொண்டது (தத்தெடுத்தது) என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு வீடு வேறு பதிப்பு இருக்கும். பெயரையும் ஊரையும் மாற்றிவிடுவது நல்லது. கதைக்கும் அது நல்லதுதான்: நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் போய்விடும்.

ஏஐயில் படம் நிமிடத்தில் வந்துவிடுகிறதே, இனிமேல் எது முதலில் என்பது முக்கியமா?

படம் சீக்கிரம் வரும். இருநூறு ஷாட்டும் இருநூறு நல்ல கான்செப்டாக வந்து நிற்கும், ஒன்றுக்கொன்று பேசாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கக் கையில் கதை இல்லாவிட்டால் முன்பைவிட அதிகமாகவே திணறுவீர்கள்.

கையில் இருப்பது ஓடுமா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. கட்டை விரல் அளவில் கோட்டுப் படங்களாக முழுக் கதையையும் வரையுங்கள். குச்சி மனிதர்கள் போதும். வசனத்தை வீட்டு ஆட்களையே பேசவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். ஆச்சிமார்கள் முதலில் 'எனக்கெதுக்குப்பா இதெல்லாம்' என்பார்கள். அப்புறம் நீங்கள் எழுதிய வசனத்தையே திருத்துவார்கள், திருத்தினதுதான் நன்றாக இருக்கும். படத்தையும் குரலையும் சேர்த்து ஓடவிட்டு, உங்கள் கான்செப்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். எந்த நேரத்தில் கை போனைத் தேடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு முந்தைய காட்சியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும், அந்த இடத்தை அல்ல.